கல் வைக்கிற வேலை

எங்கள் காய்கறித் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. தார்ச்சாலை மேலே. இரண்டுக்கும் நடுவில் உள்ள மண்பாதையின் கடைசி ஏற்றம் இருநூறு அடிகூட இருக்காது. ஆனால் கேமரன் மலையில் அப்படிப்பட்ட இருநூறு அடிகளுக்காகத்தான் இன்னமும் பழைய லேண்ட் ரோவர்களை வைத்துக்கொண்டு அழுகிறோம். சுற்றுப்பயணிகள் அவற்றைப் படம் பிடிப்பார்கள். எங்களுக்கு அவை கோஸ் ஏற்றும் வண்டிகள்.

2016 மார்ச் மாதம், அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வண்டியில் முப்பத்தைந்து பெட்டி கோஸ். நான் ஓட்டினேன். அம்மா பக்கத்தில். மண் காய்ந்திருந்ததால் முன்சக்கரங்களைச் சேர்க்கும் மஞ்சள் குமிழை நான் அழுத்தவில்லை. ஏற்றத்தின் பாதியில் 'டொக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் அலறியது, வண்டி நின்றது. பிறகு மெதுவாகப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது.

கைப்பிரேக்கை வேரோடு பிடுங்குவதுபோல் இழுத்தேன். வண்டி நிற்கவில்லை. கால் பிரேக்கை மிதித்தேன், நின்றது. இடப்பக்கம் பள்ளம். பிரேக்கின் மேல் கிட்டத்தட்ட எழுந்து நின்றபடி, காலை எடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்க முடியாமல் இருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அம்மாவின் இருக்கை காலியாக இருந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது: "வெச்சுட்டேன். காலை எடு."

பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். பெட்டிகளை எல்லாம் இறக்கினோம். சேற்றில் சிக்கினால் அப்பா சிவப்புக் குமிழ் வைத்த கம்பியைப் பின்னால் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இழுத்தேன். முன்சக்கரங்கள் மட்டும் வண்டியை இழுத்துக்கொண்டு மேலே ஏறின. கோஸைப் பிறகு பூத்தோட்டத்து லாரியில் ஏற்றிவிட்டோம். இரண்டு பெட்டி நசுங்கிப் போயிருந்தது.

சாயங்காலம் ஷா ஆலமிலிருந்து அண்ணன் போன் செய்தான். "அப்பா முப்பது வருஷம் ஓட்டினாரு. ஒரு தடவை ஒடைஞ்சுச்சா? உனக்கு கிளச்சு விடத் தெரியல. அம்மாவ வேற ஏத்திக்கிட்டுப் போயி... அத வித்துரலாம். பழைய வண்டி சேக்கிறவங்க நல்ல விலை குடுப்பாங்க."

நான் பதில் சொல்லவில்லை. உள்ளுக்குள் அவன் சொன்னதை நம்பினேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அந்தச் சத்தம் என் இடது காலிலிருந்து வந்ததாகவே இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டி என்னைவிட மூத்தது. சீரிஸ் டூ ஏ, 109 அங்குல நீள வண்டி. அந்த வகை 1971இல் நின்றுபோனது. அப்பா முதலில் ஒரு சீன முதலாளிக்கு அதை ஓட்டினார், பிறகு தவணையில் அவரிடமே வாங்கினார். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவள். லயத்து வீட்டிலிருந்து வெளியே வந்து, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் அந்த நிலத்தை எடுத்தபோது நாற்று நட்டவள் அவள்தான். ஆனாலும் 'அப்பா தோட்டம்', 'அப்பா வண்டி' என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். நானும்தான்.

முதலில் போன பட்டறையின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "வீட்டுல ஆம்பள யாரும் இருந்தா பேசச் சொல்லுங்க" என்றார். அண்ணனின் எண்ணைக் கொடுத்தேன். அதுவும் என் தவறுதான். இருவரும் பேசி, பழைய ஷாஃப்ட் ஒன்றைப் போட்டு வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்கள். வண்டியை அங்கிருந்து எடுத்து வர எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இரண்டாவதாகப் போனது எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீன அங்கிளிடம். தோட்டத்துக்கு மத்தியில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். இங்கே தமிழ்ப் பெண்கள் எல்லோரும் 'தங்கச்சி'தான். அவருக்கும் நான் தங்கச்சி. அவர் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளேயிருந்து ஷாஃப்ட்டை உருவினார். சக்கரம் தன் இடத்திலேயே நின்றது. இந்த வண்டிகளில் பாரத்தைச் சுமப்பது ஆக்சில் ஹவுசிங். ஷாஃப்ட் அதற்குள் படுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டும் செய்கிறது. அதனால்தான் அது ஒடிந்தும் சக்கரம் கழன்று ஓடவில்லை.

உடைந்த முனையைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். வெட்டிய கரும்பின் வட்டம்போல இருந்தது. அந்த வட்டத்தில் பாதிக்கு மேல் கறுத்து, தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. மீதிதான் சாம்பல் நிறத்தில், சர்க்கரைக் கட்டியைப் போல் சொரசொரப்பாகப் பளபளத்தது.

"கறுப்பு லாமா. பழசு லா. வெள்ளை மட்டும் இப்ப ஒடைஞ்சது. உங்கப்பா ஓட்டும்போதே பாதி போச்சு, தங்கச்சி."

அந்த முனையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரும்பில் வெடிப்பு ஒரே நாளில் வருவதில்லை. பல் வெட்டிய இடத்தில் மயிரிழைபோலத் தொடங்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் நகரும். திறந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசிக் கறுக்கும். தாங்குவதற்குப் போதிய இரும்பு இல்லாத நாளில் ஒடியும். அந்த நாளில் யார் ஓட்டினாளோ அவள் உடைத்தவள் ஆகிறாள். மஞ்சள் குமிழை அழுத்தியிருந்தால் பாரம் முன்சக்கரங்களுக்கும் போயிருக்கும், இன்னும் சில மாதம் தாங்கியிருக்கலாம். அந்தப் பங்கு என்னுடையது. அந்தக் கறுப்பு என்னுடையதல்ல.

அங்கிள் புது ஷாஃப்ட் போட்டால் போதும் என்று சொல்லவில்லை. இந்த வகையின் பின் ஷாஃப்ட்டுகளில் டிஃபரென்ஷியல் பக்கம் பத்தே பற்கள்; அந்த இடத்தில் ஒடிவது லேண்ட் ரோவர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. "ஸாலிஸ்பரி போடு" என்றார். சீரிஸ் த்ரீயின் நீள வண்டிகளுக்குக் கம்பெனியே 1970களில் மாற்றிக் கொடுத்த ஆக்சில் அது. எங்கள் பழைய ஹவுசிங் பானைபோல நடுவில் உப்பிய எஃகுக் கூடு, டிஃபரென்ஷியல் முன்பக்கமாகக் கழன்று வரும். ஸாலிஸ்பரியின் வயிறு வார்ப்பிரும்பு. இரண்டு பக்கமும் குழாய்களை அழுத்திச் செருகியிருப்பார்கள். பின்மூடியைத் திறந்தால் உள்ளே பல்சக்கரம் பெரிதாக, ஷாஃப்ட் தடிப்பாக இருக்கும். குறையும் உண்டு. கனம் அதிகம், வயிறும் தாழ்ந்து தொங்கும். கல் பாதையில் முதலில் இடிபடுவது அதுதான்.

ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். போவதற்கு முன் அங்கிள் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். எங்கள் முன் ஆக்சிலின் விகிதம் 4.7. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜின் பக்கமிருந்து வரும் தண்டு 4.7 சுற்றுச் சுற்றும். பின் ஆக்சிலும் அதுவாகவே இருக்க வேண்டும். வேறாக இருந்தால் நான்கு சக்கரத்தையும் சேர்த்த நொடியில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். பிறகு வந்த சுருள் ஸ்பிரிங் வண்டிகளில் இதே வயிற்றோடு 3.54 வருகிறது.

கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதாம்மா. ஸ்பிரிங் உக்கார்ற எடத்த மட்டும் வெட்டி ஒட்டிக்கலாம்" என்றார். நான் ஒரு பக்கத்துச் சக்கரத் தலையைக் கயிற்றால் கட்டினேன். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். ஒரு பக்கத்தைக் கட்டினால் மறுபக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றினேன். சாக்குக் கோடு மூன்றரைச் சுற்றில் நின்றது. "இது வேற" என்றேன். கடைக்காரர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார். அதுவரை எனக்கு அங்கே நாற்காலிகூடப் போடவில்லை.

சரியானது தாப்பா பக்கம் ஒரு கொட்டகையில் கிடைத்தது. கோடு நாலே முக்காலுக்குச் சற்று முன்னால் நின்றது. பின்மூடியைத் திறந்து, எண்ணெயை விரல்களுக்கு நடுவில் தேய்த்து இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்த்தேன். 2,200 ரிங்கிட். அண்ணனிடம் கேட்கவில்லை. என் சீட்டுப் பணம்.

மாற்றும் வேலை மூன்று நாள் பிடித்தது. அதில் ஒன்றரை நாள், ஆக்சிலை ஸ்பிரிங் கட்டையோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளுக்கே போனது. நாற்பது வருடத் துரு. நெருப்பு வைத்தோம், சுத்தியால் அடித்தோம். கடைசியில் அங்கிளின் பேரன் வெட்டியே எடுத்தான். பிரேக் குழாயைக் கழற்றி வாயை அடைத்தேன். ஒன்பது பதினாறு ஸ்பேனரால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நான்கு போல்ட்டுகளையும் நானே கழற்றினேன். அந்த அளவை இனி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஸாலிஸ்பரியின் மூக்கு நீளம் என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு கடைசல் பட்டறையில் வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள், ஆனால் இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. அப்படியே மாட்டினால் வண்டி அதிரும். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புது ஹவுசிங் நூறு கிலோவுக்கும் மேல். எல்லாவற்றையும் தனியாகச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். அம்மா, நான், பேரன், பூத்தோட்டத்து அக்காமார் இரண்டு பேர் என ஐந்து பேர் பலகை போட்டு உருட்டி, ஜாக்கி வைத்துத்தான் அதை உள்ளே தள்ளினோம். அக்காமாரில் ஒருத்தி, "பிரசவம் பாத்த மாதிரி இருக்கு" என்றாள். அங்கிளுக்கு அந்தத் தமிழ் புரிந்ததா தெரியவில்லை. வெளியே போய்ச் சிகரெட் பற்ற வைத்தார்.

மூன்றாம் நாள் நான் கைப்பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு ஏன் பிடிக்கவில்லை?

லேண்ட் ரோவரின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு டிரம். அது அந்தத் தண்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பக்க ஷாஃப்ட் ஒடிந்துவிட்டால் தண்டைப் பிடித்தும் பயனில்லை, டிஃபரென்ஷியல் வழியாகச் சக்கரங்கள் தம் போக்கில் உருளும். சரி, அன்றைக்கு அதுதான் காரணம். ஆனால் அங்கிள் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறி, கருவாட்டைப்போலக் கறுத்திருந்தன. முன்னால் உள்ள சீல் கசிந்து எண்ணெய் வருடக்கணக்காக அங்கே சொட்டியிருக்கிறது.

"இது ஷாஃப்ட் ஒடையறதுக்கு முன்னாடியும் பிடிக்காது. உங்கப்பா எப்படி ஏத்தத்துல நிறுத்தினாரு?"

அம்மா வாசலில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். "நான் கல்லு வைப்பேன்" என்றாள்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். "அவரு நிறுத்துவாரு, நான் எறங்கி வைப்பேன். கல்லு என் காலடியிலேயே இருக்கும். பசாருக்குப் போனாலும் அங்கயும் வைப்பேன்."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். நீ பள்ளிக்கூடம் போகும்போதே என்றாள். என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. அந்தக் கல்லைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மாவின் இருக்கைக்குக் கீழே, ஒரு பக்கம் தட்டையான ஆற்றுக் கல். அது எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சீலின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். சீலும் கட்டைகளும் மாற்ற அரை நாள் வேலை. அப்பா கொடுமைக்காரர் இல்லை. எங்களை அடித்ததில்லை, குடித்ததில்லை. கல் வைக்க ஆள் இருந்ததால் மாற்றத் தோன்றவில்லை, அவ்வளவுதான். 'அப்பா ஓட்டினால் உடையாத வண்டி' என்று அண்ணன் சொன்னானே, அந்த வண்டியின் கைப்பிரேக் இருபது வருடம் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

சீலையும் கட்டைகளையும் மாற்றினோம். அதற்கு அங்கிள் கூலி வாங்கவில்லை.

வண்டியின் பெயர் மாற்றம் இன்னும் முடியவில்லை. அப்பா உயில் எழுதவில்லை. அவரைப் பெற்றவர்களும் உயிரோடு இல்லாததால், 1958ஆம் ஆண்டு விநியோகச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி எனக்கும் அண்ணனுக்கும் சரிசமம். மகன் மகள் என்று அதில் பேதம் இல்லை. விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட அண்ணன் ஒரு தாள் அனுப்பியிருந்தான். அதைத் திருப்பி அனுப்பாமல், அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு அவன் வந்தபோது உடைந்த ஷாஃப்ட்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். கறுப்பையும் வெள்ளையையும் காட்டினேன். அவன் நெடுநேரம் பார்த்தான். அத்தை, "எலை போடற எடத்துல இரும்ப வைக்காதடி" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. தாள் இன்னும் அலமாரியில் கிடக்கிறது, அவனும் மறுபடி கேட்கவில்லை.

புது ஹவுசிங்கோடு முதல் தடவை சுமை ஏற்றிய நாளில் மஞ்சள் குமிழை அழுத்திவிட்டுத்தான் கிளம்பினேன். ஏற்றத்தின் தொடக்கத்தில் வண்டியின் வயிறு ஒரு பாறையில் 'நங்'கென்று இடித்தது. பழைய ஹவுசிங் என்றால் அந்தப் பாறையைத் தாண்டியிருக்கும். திட்டிக்கொண்டே ஏறினேன். பாதியில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், வேண்டுமென்றே நிறுத்தினேன். மஞ்சள் குமிழை விடுவித்தேன். பின் ஆக்சில் மட்டும் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு கால்களையும் தூக்கினேன். வண்டி அசையவில்லை. முப்பத்தைந்து பெட்டி கோஸும் நானும் அப்படியே நின்றோம்.

"அம்மா, பாரு" என்று திரும்பினேன். கதவு திறந்திருந்தது. அம்மா கல்லோடு ஒரு காலை ஏற்கெனவே கீழே வைத்திருந்தாள்.