எத்தனை தசமம் போதும்?

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்நாளைய வணிகர்கள் துளையிட்ட பித்தளைக் கிண்ணங்களில் முத்துக்களைச் சலித்துத் தரம் பிரித்தனர். துளை வழியே விழுந்ததா, தங்கியதா என்பதற்குமேல் அங்கே நுட்பம் தேவைப்படவில்லை. விலை வைக்கும்போது கதை வேறு. எடையின் வர்க்கத்தைக் கொண்டு மதிப்பிட்டார்கள். எடை இருமடங்கானால் மதிப்பு நான்கு மடங்கு. எனவே நிறுப்பதில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால், விலையில் ஏறக்குறைய இரண்டு பிழைக்கும்.

இதை நாம் நினைக்க நேர்ந்தது தங்கை மகனால். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் அவன், ஐந்தரை இலக்க மல்டிமீட்டர் இல்லாமல் இனி ஒரு வேலையும் நடக்காது என்றான். உப்பளத்தில் கணக்கெழுதும் அவன் தந்தைக்கு அது நான்கு மாதச் சம்பளம். கடன் வாங்கவும் அவர் ஆயத்தமாகிவிட்டார். தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன தெரியும்? முத்தையாபுரத்தில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நண்பரிடம் அவனை அழைத்துச் சென்றோம்.

"தம்பி, அஞ்சு வோல்ட் வர்ற எடத்துல 4.97 வந்தா ஒனக்கு என்ன, 5.03 வந்தா ஒனக்கு என்ன?" என்றார் அவர்.

பிறகு விளக்கினார். பொன்னிறப் பட்டையுள்ள ஆயிரம் ஓம் மின்தடை 950 முதல் 1050 வரை இருக்கலாம். அதற்கு ஐந்து சதவீதச் சலுகை. மின்பகு மின்தேக்கிகளுக்கு இருபது சதவீதம்கூட உண்டு. 7805 என்னும் சில்லு தரும் ஐந்து வோல்ட் 4.8க்கும் 5.2க்கும் இடையில் எங்கிருந்தாலும் குறையில்லை. சாதாரண மூன்றரை இலக்க மீட்டரே அங்கே 0.05 வோல்ட்டுக்குமேல் பிழைக்காது. நம் இலக்கணத்தாரும் கால் மாத்திரைக்குக் கீழே இறங்கவில்லை. செய்யுளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

கடற்காற்றைப் பற்றியும் சொன்னார். பலகையில் படியும் உப்பு ஈரத்தை இழுத்து மின்சாரத்தைக் கசியவிடும். பத்து லட்சம் ஓம் இருக்கவேண்டிய இடத்தில் மீட்டர் ஏழு லட்சம் காட்டும். துடைக்காமல் அளந்தால் எத்தனை இலக்கமிருந்தும் பயனில்லை.

நிற்க. பையன் பக்கமும் நியாயம் இருந்தது. அவன் செய்ய விரும்புவது லித்தியம் மின்கல வேலை. அதை 4.2 வோல்ட்டில் நிறுத்தவேண்டும், பொதுவாக 0.05 வோல்ட்தான் சலுகை. மலிவு மீட்டரின் பிழையே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். முடிவில் நாலரை இலக்கக் கைமீட்டர் ஒன்று வாங்கினோம். கடன் தேவைப்படவில்லை. மருமகனுக்கு முகம் சற்று வாடியது உண்மைதான்.

உண்மையில் நுட்பம் வேண்டுவது கடிகாரத்தில். ஒரு சதவீதம் பிழைத்தால் நாளொன்றுக்குப் பதினான்கு நிமிடங்கள் போய்விடும். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்துக்குப் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழை சாதாரணம். அதாவது நாளுக்கு ஏறத்தாழ 1.7 நொடி. நண்பர் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வைத்திருக்கவில்லை. கைபேசியின் நேரத்தோடு கடிகாரத்தை ஒத்துவைத்துவிட்டு, ஒரு வாரம் சுவரில் மாட்டிவிடுகிறார். வாரத்துக்கு 6,04,800 நொடிகள். அதில் ஒரு நொடி பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். அது பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. மருமகன் கேட்ட அந்த ஐந்தரை இலக்க மீட்டரின் துல்லியம் இதன் அருகில்கூட வராது.