அம்மாவோட நைட்டி தரையைக் கூட்டுதா?

தில்லிக்கு வந்து பதினாலு வருஷமாச்சு. எக்ஸ்ரே பார்த்து ரிப்போர்ட் எழுதுறதுதான் பொழைப்பு. இருமலுக்குன்னு பக்கவாட்டுல எடுத்த நெஞ்சுப் படத்துல, யாரும் தேடாத ஒண்ணு அடிக்கடி கண்ணுல படும். முதுகுல ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருக்கும். "எப்ப மாதாஜி விழுந்தீங்க?"ன்னு கேட்டா, விழவே இல்லைம்பாங்க. நிஜம்தான். எலும்பு தேய்ஞ்சவங்க குனிஞ்சு ஒரு வாளியைத் தூக்கினாலே போதும். இந்த முறிவுகள்ல சுமாரா மூணுல ரெண்டு டாக்டர்கிட்டயே வர்றதில்லை.

நசுங்கல்னு எப்படிச் சொல்றது? முள்ளெலும்போட முன், நடு, பின் உயரங்களைப் பார்ப்போம். 1993ல ஜெனன்ட் குழு சொன்ன முறைப்படி, உயரம் 20-25% குறைஞ்சா லேசு, 40% வரை நடுத்தரம், அதுக்கு மேல கடுமை.

இங்கதான் இனமும் ஊரும் வருது. உடம்பு சின்னதுன்னா முள்ளெலும்பும் சின்னது. அமெரிக்கப் பெண்களை அளந்த மில்லிமீட்டர் கணக்கை நம்ம பாட்டி மேல வச்சா, நல்ல எலும்பும் நசுங்கினதாத் தெரியும். அதனால அதே எலும்போட பின்பக்கம், மேலேயும் கீழேயும் இருக்கிற எலும்புகள், இதுங்களோடதான் ஒப்பிடணும்.

இதுக்கு நேர் எதிரா ஒரு நினைப்பும் உண்டு. ஆசியப் பெண்களுக்கு இடுப்பு முறிவு வெள்ளையர்களைவிடக் கம்மி, அதனால முதுகும் பத்திரம்னு. பெய்ஜிங்ல படம் எடுத்துப் பார்த்தா முதுகு முறிவு அமெரிக்க வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கிட்டத்தட்ட வந்துடுச்சு. ஹிரோஷிமா பெண்களுக்கு, ஹவாயில இருக்கிற ஜப்பானிய வம்சாவளிப் பெண்களைவிட அதிகம். ஒரே வம்சம், வேற ஊர்! நம்ம தில்லியிலயே 2012ல வெளியான ஆய்வுல, 50 தாண்டின ஆண் பெண் சேர்த்து நூத்துக்குச் சுமார் 18 பேருக்கு இருந்தது.

போன வருஷம் போன்ல அம்மா, "நைட்டி தரையைக் கூட்டுதுல, வெட்டித் தைக்கணும். வயசாச்சுல்லா"ன்னாங்க. மறுநாளே அக்காகிட்ட சொல்லிப் பக்கவாட்டுப் படம் எடுத்தோம். ரெண்டு எலும்பு நசுங்கியிருந்தது. மருந்து ஆரம்பிச்சாச்சு. ஒண்ணு புதுசா நசுங்கினா, ஒரே வருஷத்துல அடுத்தது நசுங்க அஞ்சுல ஒரு வாய்ப்பு இருக்கு. அதான் அவசரம்.

ஊருக்குப் போறப்ப அம்மாவைச் சுவரோரமா நிக்க வச்சு அளந்து பாருங்க. இளவயசு உயரத்துல 4 செ.மீ. குறைஞ்சிருந்தா, பக்கவாட்டுல ஒரு முதுகு எக்ஸ்ரே எடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க. "வயசாச்சு"ன்னு அவங்க சொன்னாலும் விட்டுடாதீங்க.