வைக்கோல் கொடுத்த விவசாயி

ஐரோப்பாவில் கோடைக்காலம் தொடங்கிவிட்டால், எந்த ரயில் நிலையத்துக்குப் போனாலும் அவர்களைப் பார்க்கலாம். முதுகில் ஆள் உயரத்துக்குப் பாதியாக ஒரு பை, பையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில், கையில் நீளமாக ஒரு ரொட்டி. பெரும்பாலும் இரண்டு பேராகத்தான் போவார்கள். பெர்லினிலிருந்து பிராக், அங்கிருந்து வியன்னா, பிறகு ரோம் என்று ஊர் ஊராகப் போகிற பயணம் அது. கையில் இருக்கிற காசை எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

அவர்கள் போடுகிற கணக்கு, சிறு விவசாயி போடுகிற கணக்கு மாதிரியேதான் இருக்கும். எதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், எது சும்மா கிடைக்கும் என்று முதலில் பிரித்துக்கொள்வார்கள். ரோம் நகரத் தெருவோரக் குழாய்களில் நல்ல குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண் செலவு. ஜெர்மனியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடித்துக்கொள்கிறார்கள். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு கைக்கு வரும். ஓட்டலுக்குப் போகாமல் சந்தையில் காய் வாங்கி, தங்கும் இடத்திலேயே சமைத்துக்கொள்வார்கள். இரவு பஸ்ஸில் ஏறிவிட்டால் ஒரு ராத்திரி வாடகை மிச்சம். இரண்டு பேரும் சமமாகப் பணம் போட்டு ஒரே பையில் வைத்துக்கொண்டால், யார் எவ்வளவு கொடுத்தது என்ற மனத்தாங்கலும் வராது.

இப்படிப்பட்ட பயணத்தில் பெரிய செலவு, தலை சாய்க்க இடம். அதற்கு அங்கே 'ஹாஸ்டல்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரே அறையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில்கள், பொதுவாக ஒரு சமையலறை, ஆளுக்கு ஒரு படுக்கைக்கு மட்டும் வாடகை. இந்த ஏற்பாட்டின் ஆரம்பத்தில் ஒரு விவசாயி இருக்கிறார்.

1909-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கால்நடையாகச் சுற்றுலா அழைத்துப் போனார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த விவசாயி ஒருவர் படுத்துக்கொள்ள வைக்கோலும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாலும் கொடுத்தார். வெளியே மழை கொட்ட, விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களை இப்படி நடந்து வருகிற பிள்ளைகளுக்குத் தங்குமிடமாக்கினால் என்ன என்று ஷிர்மானுக்கு அன்றிரவு தோன்றியது. 1912-ல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் நிரந்தரமான முதல் இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. இன்று அந்த விடுதிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. வைக்கோல் கொடுத்தவரை அதற்குப் பிறகு யாரும் பெரிதாகப் பேசவில்லை.

காசைச் சிக்கனமாகச் செலவழித்து ஐரோப்பா சுற்றியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். காசே இல்லாமல் போய்வந்த இரண்டு நண்பர்கள் நம் நாட்டைச் சேர்ந்தவர்கள். ஒருவர் ராஜஸ்தானில் பிறந்த சதீஷ் குமார். 9 வயதில் சமணத் துறவியாகி, 18 வயதில் அதைவிட்டு வெளியேறி, நிலமுள்ளவர்களிடம் கேட்டு வாங்கி நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்த வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் சேர்ந்தவர். இன்னொருவர் அவருடைய நண்பர் ஈ.பி.மேனன்.

1961-ல் ஒருநாள் பெங்களூரில் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, செய்தித்தாளில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அணுகுண்டு வேண்டாம் என்று போராடியதற்காக 89 வயது பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை லண்டனில் சிறையில் போட்டிருந்தார்கள். அந்த வயதில் அவர் சிறைக்குப் போகிறார், இளைஞர்களான நாம் இங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறோமே என்று இருவருக்கும் உறுத்தியது. அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகளின் தலைநகரங்களான மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நான்குக்கும் நடந்தே போவது என்று முடிவு செய்தார்கள்.

ஆசி கேட்டுப் போனவர்களிடம் வினோபா இரண்டு நிபந்தனைகள் சொன்னார். சைவச் சாப்பாட்டைக் கைவிடக் கூடாது. கையில் காசு வைத்துக்கொள்ளக் கூடாது. காசு இருந்தால் களைத்துப்போன நேரத்தில் ஓட்டலைத் தேடிப் போவீர்கள், சாப்பிட்டுத் தூங்கிவிட்டு யாரையும் பார்க்காமலே கிளம்பிவிடுவீர்கள், காசில்லாவிட்டால் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். சைவம் என்று சொன்னால், ஏன் என்று வீட்டுக்காரர் கேட்பார், பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

1962 ஜூன் 1-ம் தேதி டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து கிளம்பினார்கள். பாகிஸ்தான் எல்லையில், வழியனுப்ப வந்தவர்களில் ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினார். போகிற நாட்டில் சோறு கிடைக்காது என்ற சந்தேகத்தைக் கட்டிக்கொண்டு போவது போலாகும் என்று சதீஷ் குமார் அதை வாங்க மறுத்துவிட்டார். எல்லையைத் தாண்டியதுமே, இவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருந்த ஒருவர் எதிரே வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார்.

ஆப்கானிஸ்தான், இரான் வழியாக அன்றைய சோவியத் நாட்டுக்குள் நடந்தார்கள். அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இரண்டு பெண்கள் இவர்களை நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்து, உள்ளே கூட்டிப்போய் உபசரித்தார்கள். கிளம்பும்போது ஒரு பெண் நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்தார். நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஒவ்வொன்று. அணுகுண்டுப் பொத்தானை அமுக்க மனம் வந்தால், அதற்கு முன் இந்தத் தேயிலையில் ஒரு கோப்பை டீ போட்டுக் குடித்துவிட்டு யோசிக்கச் சொல்லுங்கள் என்பது அவர் சொல்லியனுப்பிய சேதி.

பனியில் நடந்து மாஸ்கோ போனார்கள். போலந்து, ஜெர்மனி தாண்டி பாரிஸ் போனபோது கைதாகிச் சிறையிலும் இருந்தார்கள். கடலைக் கடக்கக் கப்பல் டிக்கெட்டையும் அடுத்தவர்கள்தான் எடுத்துக் கொடுத்தார்கள். யாருடைய சிறைவாசத்தைப் படித்துவிட்டுக் கிளம்பினார்களோ, அந்த ரஸ்ஸலை நேரில் பார்த்தார்கள். அமெரிக்கா போக அவரே உதவினார். அவர்கள் வாஷிங்டன் சேர்வதற்குள் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துப்பாக்கிக்குப் பலியான காந்தியின் சமாதியில் தொடங்கிய நடை, அதேபோல் பலியான கென்னடியின் சமாதியில் முடிந்தது. மொத்தம் ஏறத்தாழ 8,000 மைல்.

எல்லா நாளும் சோறு கிடைக்கவில்லை. கிடைக்காத நாளை விரதம் என்று வைத்துக்கொண்டதாகவும், படுக்க இடமில்லாத இரவில் நட்சத்திரங்களுக்குக் கீழே படுத்ததாகவும் சதீஷ் குமார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் பிறகு இங்கிலாந்திலேயே தங்கி, அங்கே ஷூமாக்கர் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். அதில் படிக்க வந்தவர்கள் தோட்ட வேலையும் சமையலும் செய்துகொண்டே படித்தார்கள்.

காசு கைமாறாமல் தங்கிச் சாப்பிடுகிற இன்னொரு வழியும் இங்கிலாந்தில்தான் பிறந்தது. 1971-ல் லண்டன் அலுவலகம் ஒன்றில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண், வாரக் கடைசியில் ஓர் இயற்கைப் பண்ணைக்குப் போய் வேலை செய்ய ஏற்பாடு செய்தார். முதல் தடவை போனவர்கள் நாலே பேர். அதுதான் இன்று 'வூஃப்' என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது, இந்தியாவிலும் உண்டு. வந்தவர் தினமும் சில மணி நேரம் களையெடுப்பார், அறுவடைக்குக் கைகொடுப்பார். விவசாயி சோறும் படுக்கையும் கொடுப்பார். கூலி கிடையாது.

ஆனால், சதீஷ் குமாரும் மேனனும் போனது மாதிரி இன்று வெறுங்கையோடு போக முடியாது. ஷெங்கன் விசா வாங்க, செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அந்த விசாவில் போய்ப் பண்ணையில் வேலை செய்யலாமா என்பதை அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புவதே நல்லது. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகள் விடுமுறையில் நண்பரோடு ஊர் சுற்றக் கிளம்பினால், வீட்டில் உள்ளவர்கள் கேட்க வேண்டிய முதல் விஷயங்கள் இவை.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்துவிட்டுப் போகிறவர்களுக்கும் ஏதோ ஓர் ஊரில் பஸ் தவறிப்போகும், மழை பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அவர்கள் போய் நிற்கப்போவது யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான். அதேபோல, முதுகில் பையோடு வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் நம் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் கேட்டால், எந்த ஊர் என்று விசாரிப்பதற்கு முன்பே உட்காரச் சொல்லலாம்.