தேடலும் மாற்றலும்

தமிழில் ஓரெழுத்து மாறினும் பொருள் மாறும். கல் வேறு, கள் வேறு. இதனை அறியாத தமிழர் இலர். கணினியோ இதனை அறியாது. அதற்கு எழுத்துத் தெரியும், சொல் தெரியாது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதி வருகின்றேன். கோமுகி ஆற்றின் பிறப்பு, மலையாளி எனப்படும் பழங்குடியினரின் வாழ்க்கை, வெள்ளிமலையைச் சூழ்ந்த இடங்களின் பெயர்கள் ஆகியவை அதன் பொருள். (குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.) என் கையெழுத்துப் படியைக் கணினியில் ஏற்றியவன் என் தம்பி மகன். அன்புடையவன், அதனினும் விரைவுடையவன்.

அவன் மலையின் பெயரை நூல் முழுதும் ‘கள்வராயன்’ என்றே பதித்திருந்தான். சுட்டிக்காட்டினேன். “கவலை வேண்டா, பெரியப்பா! ஒரு நொடியில் திருத்திவிடுகிறேன்” என்றான். சொற்செயலியில் தேடி மாற்றும் வசதி ஒன்று உண்டு. தேடுவதை ஒரு கட்டத்திலும், அதற்கு ஈடாக வர வேண்டியதை மற்றொரு கட்டத்திலும் இட்டு, ‘அனைத்தையும் மாற்று’ என்று பணித்தால் நூல் முழுதும் மாறிவிடும். அவன் முழுப்பெயரை இடாமல், ‘கள்’ என்பதை மட்டும் ‘கல்’ என மாற்றப் பணித்தான். மலையின் பெயர் திருந்தியது. மக்களோ ‘மக்கல்’ ஆயினர். மரங்கள் ‘மரங்கல்’ ஆயின. எங்கள் ஊர் ‘கல்ளக்குறிச்சி’ ஆயிற்று! ‘மரங்களில்’ என்பது மட்டும் தப்பியது. அங்கே ளகரம் புள்ளி பெறாது இகரம் ஏறி நின்றது.

மீண்டும் கல்லைக் கள்ளாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். அவ்வாறு செய்தால் கல்வி ‘கள்வி’ ஆகும்; கல்வராயனும் பழையபடி கள்வராயன் ஆவான். வேறு வேறாய் நின்ற இரண்டும் ஒன்றாய்க் கலந்தபின், எது எதுவாய் இருந்தது என்பதைக் கணினி எவ்வாறு அறியும்? செய்ததை உடனே மீட்கவும் சொற்செயலியில் வழியுண்டு. அவனோ கோப்பைச் சேமித்து மூடிவிட்டுப் பந்தாடச் சென்றிருந்தான்.

இன்னோர் இடரும் நேர்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் எழுதிய இயல்களில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றிருந்ததை மாற்ற முயன்றோம். ‘மாவட்டம்’ என்று தேடினால் ‘மாவட்டத்தில்’ அகப்படவில்லை. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்ததைக் கணினிக்குக் கற்பித்தவர் யார்? அகப்பட்ட இடமோ அதனினும் கேடாயிற்று. 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் அமைத்தனர் என்ற மெய்யுரை, கள்ளக்குறிச்சி மாவட்டம் அமைத்தனர் என்னும் பொய்யுரையாய் நின்றது.

கோமுகியின் கதை வேறு. யூனிக்கோடு முறையில் ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, துணைக்கால் என இரு குறியெண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில செயலிகள் அவற்றை வேறெனக் கொண்டு, ஒன்றைத் தேடும்போது மற்றதை விட்டுவிடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய இயல்களில் ஆறு பலமுறை காணாமற் போயிற்று.

திருத்தம் என் கையேட்டின் துணையால் பெரும்பாலும் முடிந்தது. ஒரு சொல்லுக்குள் லகர மெய்யை அடுத்து ளகரம் வாராது என்னும் இலக்கணமும் உதவிற்று. ஆயின், மலைமேல் வாழும் மூதாட்டி ஒருவர் சொல்லச் சொல்ல அவன் நேரே கணினியில் ஏற்றிய பகுதிக்குக் கையேடு இல்லை. அதில் ‘கல்மேடு’ என்றொரு பெயர் இருந்தது. கல் நிறைந்த மேடோ, கள் இறக்கிய மேடோ? இலக்கணம் இரண்டற்கும் இடம் தந்தது.

வெள்ளிமலைப் பேருந்தில் இருவரும் ஏறினோம். மூதாட்டி எங்கள் ஐயத்தைக் கேட்டு நகைத்தார். “கல்தான் ஐயா. அதைப் பொறுக்கிக் குவித்துத்தானே எங்கள் பாட்டனார் சாமை விதைத்தார்” என்று கூறி, கொல்லையின் ஓரத்திற் கிடந்த கற்குவியலைக் காட்டினார்.