காற்றடித்தால் உளறிய கருவி

அரியாங்குப்பத்தாருக்குக் காற்று புதிய செய்தியன்று. பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்து நடந்த வணிகத்தின் சான்றுகளை அரிக்கமேட்டு மண்ணுக்கடியிலிருந்து 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்தார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நாம் அனைவரும் அறிவோம்.

அதன்பின் எங்கள் மாமா வீட்டில் ஒரு சிறு கணிப்பொறி குடியேறியது. விளக்கையும் தண்ணீர் மோட்டாரையும் இயக்கும் அக்கருவியே, சென்னை விமான நிலையம் அரைமணிக்கொருமுறை வெளியிடும் வானிலை அறிக்கையைப் பெற்று, காற்றின் வேகத்தைத் தமிழில் சொல்லும். மாமாவுக்குப் படகில் பங்கு உண்டு. மீனவர்களுக்கான அரசு எச்சரிக்கையைத்தான் அவர் நம்புவார்; ஆயினும் சென்னையில் காற்று வலுத்தால் இங்கும் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அறிக்கை விமானிகளுக்கானது, முழுவதும் சுருக்கெழுத்து. வேண்டியதை மட்டும் வெட்டியெடுக்க 'செட்' என்ற நிரல் உதவுகிறது. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹன் ஆக்கியது அது. வரி வரியாகப் படித்து, குறிப்பிட்ட வடிவத்தைக் கண்டால் குறிப்பிட்ட மாற்றத்தைச் செய்வதே அதன் தொழில். யாரோ எழுதிக் கைமாறி வந்த கட்டளை ஒன்று மாமா வீட்டில் அவ்வேலையைச் செய்து வந்தது.

ஒரு மழைநாளில் மாமா என்னை அழைத்தார். "மாப்ளே, நல்ல நாள்ல தமிழ்ல பேசுது. காத்து அடிச்சா இங்கிலீஷ் எழுத்தா ஒப்பிக்குது. காத்தக் கண்டா அதுக்குப் பயமா?"

சிரித்தோம். ஆனால் நோயின் மூலம் அந்தக் கேள்வியிலேயே இருந்தது!

அமைதியான நாளின் அறிக்கையையும் காற்றுநாளின் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சாதாரண நாளில் '05012கேடி' என்று வரும். முதல் மூன்று இலக்கங்கள் திசை. அடுத்த இரண்டும் வேகம், அதாவது 12 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். காற்று விட்டுவிட்டு வீசினாலோ '05025ஜி35கேடி' என வரும். 35 என்பது அந்த வீச்சின் உச்சம். கட்டளை தேடியதோ ஐந்து இலக்கங்களும் அவற்றையொட்டிய 'கேடி'யும். இடையே 'ஜி35' நுழைந்ததும் வடிவம் பொருந்தவில்லை. பொருந்தாத வரியைச் செட் குறை கூறாது, வந்தபடியே அனுப்பிவிடும். அதைத்தான் ஒலிபெருக்கி எழுத்தெழுத்தாக ஒப்பித்தது.

'ஜி' பகுதி வரலாம், வராமலும் இருக்கலாம் என்று கட்டளையைத் திருத்தினேன். பொருந்திய வரியை மட்டுமே வெளியிடவும், எதுவும் பொருந்தாவிட்டால் "அறிக்கை விளங்கவில்லை, நேரில் பாருங்கள்" என்று சொல்லவும் ஏற்பாடு செய்தேன். பிறகு காற்றுநாள் அறிக்கைகளையே ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சோதித்தோம். 25 நாட், உச்சம் 35 நாட் என்று தெளிவாகச் சொன்னது.

நண்பர்களே, அக்கட்டளை நூறு நல்ல நாள்களில் தவறவில்லை. அதனாலேயே எவரும் அதை ஐயுறவில்லை. எந்த நாளுக்காக ஒரு கருவியை வைத்திருக்கிறோமோ, அந்த நாளைக் கொண்டே அதைச் சோதிக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மனிதருக்கும் இது பொருந்தும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.