இரவுப் பணியில் இருந்த லேப் சகோதரிக்கு



டிஸ்சார்ஜ் ஆன அன்று டாக்டருக்கும் வார்டு நர்ஸ் அக்காக்களுக்கும் நேரில் நன்றி சொன்னோம். லேப் கதவில் ‘உள்ளே அனுமதியில்லை’ என்று எழுதியிருந்தது. அதனால் இந்த மடல்.

மழைக்காலம். குழந்தைகள் வார்டு முழுக்கக் காய்ச்சல். கட்டிலுக்குக் கட்டில் கேட்டது ஒரே கேள்விதான்: “பிளேட்லெட் எவ்வளவு?” டெங்கு நமக்குப் பழக்கிவிட்ட கேள்வி அது. எங்கள் பத்து மாதக் குழந்தைக்குப் பிளேட்லெட் குறையவே இல்லை. ஆனால் நீங்கள் வெள்ளை அணுக்களைப் பார்த்தீர்கள். மொத்தம் 2,100, அதில் நியூட்ரோபில் 15 சதவீதம். கணக்குப் போட்டால் 315. ஒரு வயதுக்குள் 1,000-க்குக் குறையக் கூடாது என்பார்கள். 500-க்குக் கீழே இறங்கிய நேரத்தில் காய்ச்சலும் 100.4 டிகிரியைத் தொட்டால், ரத்தத்தில் பாக்டீரியா புகுந்திருக்குமோ என்று உடனே பார்த்தாக வேண்டும். ரிப்போர்ட் காலையில் போய்ச் சேரட்டும் என்று நீங்கள் விடவில்லை. வார்டுக்கே போன் செய்தீர்கள். விடிவதற்குள் பிளட் கல்ச்சர் எடுத்து, முதல் ஆன்டிபயாடிக்கும் ஏற்றிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. மெஷின் கொடுத்த எண்ணோடு நிற்காமல், ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் நூறு செல்களை ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். ‘பிளாஸ்ட் செல்கள் இல்லை’ என்று எழுதினீர்கள். வெள்ளை அணு குறைவு என்றதுமே, வராந்தாவில் நின்ற உறவினர் ஒருவர் ரத்தப் புற்றுநோய் என்று முணுமுணுத்திருந்தார். என் மனைவி அதன்பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீங்கள் எழுதிய அந்த வரியைக் காட்டித்தான் டாக்டர் அவளை உட்காரவைத்துப் பேசினார். ஃப்ளூ, அம்மை போன்ற வைரஸ்கள் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியைச் சில நாள் மந்தப்படுத்தும். ரத்தத்தில் ஓடுகிற அணுக்களும் குழாய்ச் சுவரோரம் ஒதுங்கிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓரிரு வாரத்தில் தானாகவே ஏறிவிடும் என்றார். காய்ச்சல் விட்டதும் நெஞ்சிலும் முதுகிலும் ரோஜா நிறத்தில் தடிப்பு வந்தது. ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சல்தான் என்று உறுதியானது. கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை.

அடுத்த ஸ்லைடில் நியூட்ரோபில் அப்படியேதான் இருந்தது. ‘மோனோசைட் கூடியிருக்கிறது’ என்று ஓரத்தில் குறித்திருந்தீர்கள். அதைப் படித்த டாக்டரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மஜ்ஜை விழித்துக்கொண்டால் முதலில் ஏறுவது பெரும்பாலும் மோனோசைட்தானாம்.

யாரும் கேட்காத குறிப்பு அது. இரவெல்லாம் குவியும் ரத்த மாதிரிக் குழாய்களுக்கு நடுவே, முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக அதை எழுதிய உங்கள் மனசுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

கடைசி ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் 2,300. காய்ச்சலால் தள்ளிப்போன தட்டம்மை ஊசிக்கும் நாள் குறித்தாகிவிட்டது.


ஜன்னலோரக் கட்டில் குழந்தையின் அப்பா