நாற்பது வளைவுகளும் ஒரு சோடி செருப்பும்

பொள்ளாச்சியினின்று தெற்கே செல்வோர், ஆழியாற்று அணையைக் கடந்து வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆனைமலையின் அடிவாரத்தை அடைவர். அங்கிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்திலுள்ள வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டுப் பலகை நாட்டியுள்ளனர். 9-ஆம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையில் நின்று நோக்கினால் அணை நீர் கீழே தகடுபோல் கிடக்கும். நல்வாய்ப்பிருப்பின் வரையாடுகளும் பாறைமேல் தோன்றும்.

இச்சாலையில் நாம் சென்ற ஆண்டு, பழைய கியர் கார் ஒன்றை ஓட்டிச் சென்றோம். உடன் வந்தோர் எம் உபதேசியாரும், அவர் துணைவியாரும், ஐந்து வயதுப் பேத்தியும். எம் கால்களில் இருந்தவை வீட்டில் அணியும் ரப்பர் செருப்புகள். இருபது ஆண்டுகளாக அவற்றோடுதான் ஓட்டுகிறோம். சட்டமும் தடுக்கவில்லை. செருப்பணிந்து ஓட்டினால் அபராதமென 2019 செப்டம்பரில் செய்தி பரவியபோது, சட்டத்தில் அப்படியொன்றும் இல்லையென மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே தெளிவுபடுத்திற்று. ஆனால் மலைக்குச் சட்டம் தெரியாது.

குரங்கருவியில் குழந்தையின் பொருட்டு இறங்கினோம். கால் நனைந்தது, செருப்பும் நனைந்தது. அப்படியே ஏறி அமர்ந்து மேலே சென்றோம். ஒரு வளைவில் எதிரே லாரி இறங்க, நின்று மீண்டும் புறப்பட வேண்டியதாயிற்று. கிளட்சைப் பாதி விடும் வேளையில் ஈரச் செருப்பு வழுக்க, பெடல் விசையுடன் மேலெழுந்தது. கார் ஒரு குதி குதித்து அணைந்து, இரண்டு முழம் பின்னோக்கி உருண்டது. கைப்பிரேக் காத்தது. பின்னால் பேருந்து ஓட்டி வந்தவர் போதிய இடைவெளி விட்டு நின்றிருந்தார். அம்மனிதருக்கு நாம் இன்றும் கடன்பட்டுள்ளோம்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பதாண்டு ஜீப் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. எம் செருப்பை வாங்கிக் குதிப்பக்கத்தை மடக்கிக் காட்டினார்.

“சாமி, வலது குதிகாலைத் தரையில ஊன்றித்தான் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் பாதத்தைத் திருப்புறோம். இந்தச் செருப்புல குதியைப் பிடிக்க வார் இல்லைங்க. கால் திரும்பினாலும் செருப்பு திரும்பாது.”

“அப்படியானால் பூட்ஸ்தான் நல்லதோ, ஐயா?” என்றோம்.

“எஸ்டேட் பூட்ஸ் இதைவிட மோசங்க. அகலமா இருக்கும், பிரேக்கை மிதிச்சா பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். அடி தடிச்சிருந்தா கிளட்ச் எங்கே பிடிக்குதுன்னு பாதத்துக்குத் தெரியாதுங்க.”

கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காது இன்ஜின் ஒலியிலும், பாதம் மெல்லிய அதிர்விலும் அறிகின்றன. மேட்டில் புறப்படுகையில் இவ்விரண்டும் வேண்டும். மெல்லிய அடியும் குதியில் வாரும் உள்ள கான்வாஸ் சப்பாத்தே போதும் என்றார் பெரியவர். அட்டைக்கடிக்கும் அது நல்லது. வெறுங்காலைப் பற்றிக் கேட்டபோது, “ஓட்டலாம், ஆனா கழற்றினதைக் காலடியில வைக்காதீங்க சாமி,” என்றார்.

கான்வாஸ் சப்பாத்து வாங்க எண்ணினோம். மறுநாள் காலை புறப்படும் அவசரத்தில் அதை மறந்தோம். செருப்பைக் கழற்றி, இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலுடன் இறங்கினோம். பெரியவரின் கடைசிச் சொல்லை ஏன் மறந்தோமென இன்றும் விளங்கவில்லை.

இறக்கத்தில் தளர்ந்த பொருள் எல்லாம் முன்னோக்கி நகரும். பாதி மலை இறங்கிய நிலையில், ஒரு வளைவை நெருங்கிப் பிரேக்கை மிதித்தோம். அது பாதி வழியில் நின்றது. அடியில் ஏதோ மெத்தென்று தடுத்தது. ஓங்கி மிதித்தும் பெடல் இறங்கவில்லை. முன்னே தாழ்வான கட்டைச் சுவர், அதற்கப்பால் வெட்டவெளி. நல்வேளையாக இரண்டாம் கியரில் இருந்தோம். இன்ஜினே வேகத்தை அடக்கி வைத்திருந்தது. பதற்றத்தில் கிளட்சை மிதித்திருந்தால் அப்பிடிப்பும் விட்டுப்போயிருக்கும். கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்துச் சாக்கடை ஓரமாய்ச் சக்கரத்தை உரசவிட்டு நிறுத்தினோம்.

காரில் எவரும் பேசவில்லை. குனிந்து பார்த்தபோது இடது செருப்பு பிரேக் பெடலுக்கு அடியில் மடங்கிச் செருகியிருந்தது. துணைவியார் குழந்தையை இறுக அணைத்திருந்தார். உபதேசியார் இறங்கி, இரு செருப்புகளையும் எம்மைக் கேளாமலே எடுத்துச் சென்று டிக்கியில் போட்டு மூடினார். எம்மோடு அவர் பழகிய இத்தனை ஆண்டுகளில், எம்மைக் கேளாமல் அவர் செய்த ஒரே காரியம் அதுவாக இருக்கலாம்.

எஞ்சிய வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்கினோம். ஆழியாற்றில் தேநீருக்காக நிறுத்தியபோது நடுப்பகல். தார் கொதித்தது. டிக்கியைத் திறக்கச் சொல்ல நாணி, நாம் வெறுங்காலுடனேயே கடை வரை நடந்தோம்.